சந்திரமதி இரந்த நாழிகை

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்து மாணவர் அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தை மேடையேற்ற விரும்பினர். ஒத்திகை தொடங்குமுன் மூல நூலையும் ஓரளவேனும் அறிந்துகொள்ளல் நன்று என்னும் கருத்தினால், நல்லூர் வீரகவிராயர் பாடிய அரிச்சந்திர புராணத்தை எடுத்து, உயர்தர வகுப்பு மாணவர்க்குச் சில மாலை வேளைகளில் வாசித்துப் பொருள் கூறி வந்தோம். தருப்பை அறுக்கச் சென்ற மைந்தனை அரவு தீண்டியது. உடன் சென்ற சிறுவர் ஓடிவந்து தாயிடம் செய்தி கூறினர். அவளோ தன்னை விலைக்கு வாங்கிய காலகண்டன் என்னும் அந்தணனிடம் சென்று, காட்டுக்குப் போய்வர உத்தரவு கேட்டாள். வீட்டு வேலை முடியட்டும் என்றான் அவன். அவள் முடித்தாள், இருள் சூழ்ந்த பின்னரே போனாள்.

இவ்விடத்தில் பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். தமிழாசிரியரையும் ‘சேர்’ என்றே அழைப்பது இக்காலத்து நம்மூர் வழக்கம். “அவ ஏன் சேர் உடனே ஓடேல்லை? கேட்டுக்கொண்டு ஏன் நிண்டவ?” என்றான்.

நாம் விடை கூறினோம். சந்திரமதி அடிமையாக விற்கப்பட்டவள். அவளது உடலும் உழைப்பும் ஆண்டைக்கு உரியன. உத்தரவின்றிச் சென்றால் கணவனின் வாய்மைக்கு இழுக்கு நேரும். துன்பத்தின் உச்சியிலும் கடமை தவறாமையே கற்புடையாள் இலக்கணம் என்றோம். பயிற்சிக் கலாசாலையிலே நமக்குச் சொல்லித்தந்த விடையும் ஏறக்குறைய அதுவே. மாணவன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தான். நல்ல விடை சொன்னோம் என்ற நிறைவோடு அன்று வீடு சென்றோம் என்பதை இங்கு ஒளிக்காமல் எழுதவேண்டும்.

இரண்டு நாள் கழித்து, ஆசிரியர் ஓய்வறையிலே உடனாசிரியர் ஒருவர் வாயிலாகச் செய்தி தெரிந்தது. அம்மாணவனுக்கு ஏழு வயதுத் தங்கை ஒருத்தி இருந்தாள். முந்திய மாரிக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் கண்டு இறந்தாள். தந்தையார் துறைமுகப் பகுதியிலுள்ள வேலைத்தலம் ஒன்றில் இரவு முறைக்குச் செல்பவர். மகளுக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது என்ற ஆறுதலோடுதான் அன்று வேலைக்குப் போனார். டெங்குக் காய்ச்சலில் உடல்வெப்பம் குறைகின்ற அந்த ஓரிரு நாளே ஆபத்து மிகுந்த காலம். குருதி நாளங்களிலிருந்து நீர் கசிந்து, பார்வைக்குத் தேறியது போலத் தோன்றும் பிள்ளை சில மணி நேரத்திலே கைகால் சில்லிட்டு மயங்கிவிடக்கூடும் என்று மருத்துவர் சொல்வர். பாமரர் மட்டுமல்லர், படித்தவரும் ஏமாறுகின்ற இடம் அது. பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டு, வாயிற்காவலர் மூலம் தந்தைக்குச் செய்தி அனுப்பினர். அவர் மேலாளரைக் கேட்டார். மாற்றாள் வரட்டும் என்றார்கள். மாற்றாள் வந்து, அவர் வெளியேறியபோது கிழக்கு வெளுத்துவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வேலைத்தலத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. எங்கும் நடப்பதே அங்கும் நடந்தது.

அம்மாணவன் நம்மிடம் கேட்டது சந்திரமதியைப் பற்றி அன்று. நாமோ அவனுக்குக் கற்பிலக்கணம் சொல்லி அனுப்பினோம். அந்த விடையைத் திருத்தும் பொருட்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். விழா மலருக்கு இஃது ஏற்ற பொருளோ என ஐயுறும் அன்பர் பொறுத்தருள்க.

மயான காண்டத்தை நம் நாட்டில் அறியாதார் அரியர். காங்கேசன்துறை வசந்த கான சபையினரின் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் (1924–1989) அரிச்சந்திரனாக நின்று பாடிய இசை நாடகத்தைக் கண்டவர்கள் நம் பழைய மாணவருள்ளும் பலர் இருப்பர். கோயில் வீதிகளிலே பாயை விரித்து, விடிய விடிய இருந்து பார்த்த தலைமுறை அது. அந்நாடகத்தில் அனைவரும் நினைவில் வைத்திருப்பது சுடலைக் காட்சி. மகனின் உடலைச் சுமந்துவந்த தாய் எரிந்தும் எரியாத விறகுகளைப் பொறுக்கி அடுக்கித் தீ மூட்டுகிறாள்; சுடலை காப்போன் வந்து தடுத்துக் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான்; கணவன் கண்ணுக்கு மாத்திரமே தோன்றும் தாலியினால் ஒருவரையொருவர் அறிகின்றனர். அறிந்த பின்னரும் அவன் கூலியை விடவில்லை. அது தன் ஆண்டையின் பங்கு, தான் விட்டுக்கொடுக்கத் தனக்கு உரிமையில்லை என்கிறான். இவ்விடத்தில் சபையே விம்மும்.

ஆயின், நம் மாணவன் சுட்டிய இடம் சுடலைக்கு முந்தியது. கதையின்படி, செய்தி வந்தபோது பிள்ளை இறந்தேவிட்டான். சந்திரமதி ஓடியிருப்பினும் அவனைப் பிழைப்பிக்க இயலாது. அப்படியாயின் அவள் இழந்தது யாது? காப்பாற்றும் பொழுதை அவள் இழக்கவில்லை. பிள்ளை காட்டிலே தனியே கிடந்த பொழுதை இழந்தாள். அவள் கைகள் பிறர் வீட்டு வேலையில் இருந்தபோது, அவன் அருகிலே யாருமிலர். மகன் இறந்தமை விதி என்று தேற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு மாலைப்பொழுதை விதி என்று தேற்றிக்கொள்ள எந்தத் தாயாலும் முடியாது. அஃது ஒரு மனிதன் ‘பிறகு போ’ என்று சொன்னதனால் நேர்ந்தது. மனைவியையும் மைந்தனையும் அரசன் பொன்னுக்கு விற்றபோது விற்றது உடலை என்றுதான் நாம் எண்ணுகிறோம். விற்கப்பட்டது இந்த நாழிகையே என்பது அதன் பின்னரே வெளிப்படுகிறது. கூலிக்குச் செல்வோர் யாவரும் நாள்தோறும் விற்பதும் அதனைத்தானே.

ஆகவே, ‘அவள் ஏன் ஓடவில்லை’ என்னும் வினாவுக்குக் கடமை என்று விடை கூறுதல், காலகண்டன் பக்கம் நின்று கூறும் விடையாகும். அவள் ஓட விரும்பினாள். அவளிடம் ஓடுவதற்குரிய பொழுது இல்லை. இதுவே நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை.

இக்கதையின் தொல்வடிவம் இன்னும் வியப்பானது. மயானக் கதை மார்க்கண்டேய புராணத்தில் உள்ளது. அதனினும் மிகப் பழையதாகிய ஐதரேய பிராமணத்திலே அரிச்சந்திரன் வேறொரு தந்தையாகக் காணப்படுகிறான். மகப்பேறு இல்லாத அவன் வருணனை வேண்டி, மகன் பிறந்தால் அவனையே உனக்கு வேள்வியிடுவேன் என்று வாக்களித்துவிடுகிறான். ரோகிதன் பிறக்கிறான். வருணன் வந்து கேட்கிறான். பத்து நாளாவது கழியட்டும், அதன்முன் பலிக்குத் தகுதியில்லை என்கிறான் தந்தை. பத்து நாள் கழிகிறது. பல் முளைக்கட்டும் என்கிறான். பல் முளைக்கிறது. அது விழட்டும் என்கிறான். விழுகிறது. மறுபடி முளைக்கட்டும் என்கிறான். அதுவும் முளைக்கிறது. அரச குலத்தவன் அல்லனோ, கவசம் தரிக்கும் பருவம் வரட்டும் என்கிறான். அப்பருவமும் வந்தபின் தந்தை மகனை அழைத்து உண்மையைச் சொல்கிறான். மகனோ வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறான்.

வாய்மைக்கு இலக்கியமாகிய அரிச்சந்திரன் முதன்முதலிலே வாக்கைத் தள்ளிப்போட்டவன் என்று இதனைச் சிலர் நகைப்பர். எமக்கு நகைக்கத் தோன்றவில்லை. பிள்ளையோடு இருக்கும் காலத்தைப் பல் பல்லாக எண்ணி வாங்கிய தந்தை அவன். அரசர்கள் ஆண்டை எண்ணுவர், போரை எண்ணுவர். இவன் எண்ணியதோ பாற்பல். அப்பொழுதும் முடிவில் மகன் அவனுடன் இல்லை. ஆறு ஆண்டுகள் ரோகிதன் காட்டில் அலைகிறான். தந்தைக்கு மகோதரம் கண்டு வயிறு வீங்குகிறது. மகன் ஊர்திரும்ப முற்படுந்தோறும் இந்திரன் அந்தணனாக வந்து, நடந்துகொண்டே இரு என்று தடுத்து அனுப்புகிறான்.

அதே கதையில் அசீகர்த்தன் என்னும் வறியவன் ஒருவன் வருகிறான். நூறு பசுக்களுக்குத் தன் நடு மகனாகிய சுனச்சேபனை ரோகிதனுக்கு மாற்றாகப் பலியிட விற்கிறான். கம்பத்தில் கட்டுவதற்கு ஒரு நூறு, வெட்டுவதற்கு ஒரு நூறு என மேலும் வாங்கிக்கொள்கிறான். சுனச்சேபன் தேவர்களைத் துதித்துத் தப்பிவிடுகிறான். அப்பொழுது தந்தை வந்து, செய்தது பாவம், வருந்துகிறேன், வீட்டுக்கு வா என அழைக்கிறான். மகன் மறுத்துவிட்டு விசுவாமித்திரர்க்கு மகனாகிறான். பொழுது பறிக்கப்பட்டவளின் துயரமும், தானே விற்றவனின் வருத்தமும் ஒன்றாகா என்பதைப் பழங்கதை சொல்வோர் நன்கறிந்திருந்தனர்.

பாரதத்தில் பதின்மூன்றாம் நாட்போரை எடுத்துக்கொள்வோம். சஞ்சப்தகர் அறைகூவி அருச்சுனனைத் தென்புறம் இழுத்துச் சென்றனர். அந்த இடைவெளியில் துரோணர் சக்கர வியூகம் வகுத்தார். அதனை உடைத்து உட்புக அபிமன்யு அறிவான், வெளியேற அறியான். தந்தை எனக்கு உட்புகும் வகையைத்தான் கற்பித்தார் என்று அவனே தருமனிடம் சொல்கிறான் என்பது வியாசர் கூற்று. கருவிலே கேட்டான், தாய் உறங்கிவிட்டாள் என்பது நாட்டு வழக்கு. எவ்வாறாயினும் பாடம் பாதியிலே நின்றது. ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இவ்விடம் எப்பொழுதும் உறுத்தும். மற்றைப் பாதியை நாளைக்குச் சொல்லலாம் என்றுதானே அருச்சுனனும் எண்ணியிருப்பான். மாலையில் அவன் பாசறைக்குத் திரும்பும்போது வாத்திய முழக்கம் இல்லை. வீரர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். நாள்தோறும் சிரித்த முகத்தோடு எதிர்வரும் மகன் வரவில்லை. யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னர் அவன் உடன்பிறந்தாரைக் கடிகிறான். நாளைச் சூரியன் மறையுமுன் சயத்திரதனைக் கொல்வேன் என வஞ்சினம் கூறுகிறான். வில்லெடுத்த தந்தைக்குத் துயரத்தை ஊற்றிவைக்க ஒரு பகை கிடைத்தது. நம் மாணவனின் தந்தைக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். திருக்கோணமலையிலே பிறந்தவருக்கு இராவணன் அயலான் அல்லன். சுவாமிமலையிலே இராவணன் வெட்டைக் காட்டாமல் எவரும் விருந்தினரை வழியனுப்புவதில்லை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அவன் தன் தாய்க்குரிய ஈமக்கடன் செய்யும்பொருட்டு நிலத்திலே ஊன்றியதனால் ஊற்றெடுத்தவை என்பது நாம் மழலையிலே கேட்ட கதை. ஒன்றிலிருந்து மற்றொன்று வெப்பம் வேறுபடும் அக்கிணறுகளின் அருகே இறந்தோர்க்குக் கடன் செய்வதும் தொன்றுதொட்ட வழக்கம். தாய்க்கு மகன் செய்தல் முறை. அம்முறைப்படி அவன் செய்தான் என்கிறது நம் மண்.

கம்பனிலோ முறை தலைகீழாகிறது. இந்திரசித்து கடைசியாகப் போருக்குப் போகுமுன் தந்தையைக் கண்டு, சீதைபால் வைத்த ஆசையை விட்டுவிடுக என்று வேண்டுகிறான். அச்சத்தினால் அன்று, தந்தைமேற் கொண்ட அன்பினால் வேண்டுகிறான். இராவணன் கேட்கவில்லை. மகன் போகிறான். பின்னர் அத்தந்தை போர்க்களம் முழுதும் பிணங்களைப் புரட்டித் தேடுகிறான், வில்லோடு கிடந்த கையைக் காண்கிறான், உடலைக் காண்கிறான், தலையைக் காணவில்லை. நீ எனக்குச் செய்யவேண்டிய கடனை நான் உனக்குச் செய்ய நேர்ந்ததே என்பது அவன் புலம்பலின் சாரம். கன்னியா ஊற்றருகே நின்று இதனை நினைப்பவர்க்கு அச்சொல்லின் வெப்பம் தெரியும்.

மண்டோதரியின் புலம்பல் வேறு வகையது. அவளுக்கு அவன் இந்திரனை வென்றது நினைவுக்கு வருமுன், அரண்மனை முற்றத்திலே தளர்நடை நடந்த காலத்தில் சிங்கக் குட்டிகளோடு விளையாடியதும், அம்புலியை வருவித்து அதன் மறுவை முயலென எண்ணிப் பிடிக்கப் பார்த்ததும் நினைவுக்கு வருகின்றன. அவ்விளையாட்டை இனி ஒருமுறை காண்பேனோ என்கிறாள். கவிஞர் மகனைத் தலையில்லாத உடலாகத் தந்தைக்கும், தவழும் குழந்தையாகத் தாய்க்கும் காட்டியது ஏன் என்று பலகாலும் எண்ணியுள்ளோம். அரசவையிலே இருந்த தந்தை அந்த முற்றத்தைக் கண்டானோ இல்லையோ! இஃது எமது கருத்தே. கம்பனை நன்கு கற்றோர் மறுப்பின் கேட்டுக்கொள்வோம்.

பிற்காலத்து ஆக்கம் ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இரவீந்திரநாத தாகூர் 1912-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டாக்கர்’ என்னும் அஞ்சலக நாடகத்தில் அமல் என்ற நோயுற்ற சிறுவனை வளர்க்கும் மாதவன் எங்கும் போகவில்லை. பிள்ளை இருக்கும் வீட்டிலேதான் இருக்கிறான். ஆயினும் வைத்தியன் சொற்படி கூதிர்காலக் காற்றும் வெயிலும் படாமல் பிள்ளையை உள்ளே அடைத்துவைக்கிறான். அமல் சன்னலருகே இருந்து தயிர்க்காரனோடும் காவற்காரனோடும் பூப்பறிக்கும் சிறுமியோடும் பேசியே தன் கடைசி நாட்களைக் கழிக்கிறான். அருகில் இருந்தும் பொழுதைக் கைவிடலாம் என்பதற்கு இதனினும் மெல்லிய சான்று வேண்டுவதில்லை. தாகூர் தம் மக்களுள் ஒருவராகிய சமீந்திரரைச் சிறுவயதிலே 1907-இல் பறிகொடுத்தவர்.

நாமும் மாலை வகுப்பும் விடைத்தாளுமாக வீட்டில் இருந்துகொண்டே இல்லாத தந்தையர்தாம். ஆகையால் இவ்வளவோடு நிறுத்துவோம்.

நாடகம் மேடையேறுவதற்கு முதல் வாரம், அம்மாணவனைத் தனியே அழைத்தோம். அன்று சொன்ன விடை பிழை என்றோம். சந்திரமதி ஓடாதது கடமையினால் அன்று, அவளை விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டு நின்ற நேரமெல்லாம் மனத்தால் ஓடிக்கொண்டுதான் இருந்தாள் என்றோம். மாணவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், ஐதரேய பிராமணத்துக் கதையையும் சொன்னோம். பல் முளைக்கட்டும், பல் விழட்டும் என்று அந்த அரசன் தவணை கேட்ட வரலாற்றை.

நெடுநேரம் கழித்து, “தங்கச்சிக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்தது, சேர். அப்பா வந்ததும் காட்டவேணும் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவள்” என்றான்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை.

நாடகத்தில் அவனுக்குக் காலகண்டன் வேடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றோம். வேண்டாம், அதனையே நடிக்கிறேன் என்றான். நன்றாகவும் நடித்தான், வேலையை முடித்துவிட்டுப் போ என்று அவன் சொன்னபோது மண்டபத்தின் பின்பகுதியிலிருந்து ஒரு முதியவள் அவனை வாய்விட்டு ஏசினாள். தந்தையார் பார்க்க வந்திருந்தார். வாயிலருகே சுவரோரமாக நின்றார். இருக்கை காட்டியும் உட்காரவில்லை. சுடலைக் காட்சி தொடங்குமுன் வெளியே போய், முற்றத்து வேம்பின் கீழ் நின்று, காட்சி முடிந்தபின் திரும்பி வந்தார். மகனை அழைத்துக்கொண்டு போகும்போது எம்மைக் கண்டு கைகூப்பினார்.

இவ்வாண்டு முதல் அவர் பகல் முறைக்கு மாற்றம் பெற்றுவிட்டார் என்று மாணவன் சொன்னான். கேட்டவுடனே கொடுத்துவிட்டார்களாம்.